தவமணியின் பாதி

அக்டோபர் 22

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "என்ன சாப்பிட்டாங்க, எப்படி நடந்தாங்க, புதுசா வார்த்தை ஏதும் வந்துச்சா, வித்தியாசமா ஏதாவது செஞ்சாங்களா, எல்லாத்தையும் எழுதி வைங்க. அடுத்த தடவை வர்றப்ப கொண்டாங்க" என்றார். காலமெல்லாம் ட்ரிப் ஷீட் எழுதிய கை இது. இதையும் எழுதிவிட்டுப் போகிறது.

எழுதுபவர்: சங்கிலிமுத்து, அரசு பஸ் கண்டக்டர், பணி ஓய்வு, ஒட்டன்சத்திரம். நோயாளி: தவமணி, மேற்படியாரின் மனைவி. நோயாளி என்று எழுதியிருப்பது அவளுக்குத் தெரிந்தால் இந்த டைரி வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும்.

புரட்டாசி பிறந்த கையோடு பக்கவாதம் வந்தது. வலது கை தூக்க வராது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். வாய் கோணியது சரியாகிவிட்டது. பேச்சுதான் போய்விட்டது. எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை, "அது."

அக்டோபர் 23

இட்லி இரண்டு. ரசம் சாதம். மாத்திரை சரி. வாசல் வரை நடை. பேச்சு: "அது."

அக்டோபர் 25

தண்ணீர் வேண்டும் என்றாலும் அது. போதும் என்றாலும் அது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் அதுதான், கூட்டச் சொல்வதும் அதுதான். நான் கூட்டிக் குறைத்து அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் தபால்காரர் எங்கள் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்தினால் எதிர்வீட்டுக்குக் கடிதம் போய்ச்சேர மத்தியானம் ஆகும். அப்படிப் பேசுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் "கூறு கெட்ட மனுசன்". பால் பொங்கி வழிந்தால், சட்டைப் பையில் சில்லறையோடு துவைக்கப் போட்டால், விருந்தாளி முன்னால் பனியனோடு வந்து நின்றால், எல்லாவற்றுக்கும் அதுதான். கல்யாணமான வாரத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

இப்போது என்னை யாரும் திட்டுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. செய்தி முழுதாகக் கேட்க முடிகிறது. நிம்மதிதான்.

அக்டோபர் 28

காபித்தூள் தேடினேன். டப்பாவுக்குள் காபித்தூள் இல்லை, ஒரு விதைப் பாக்கெட் இருந்தது. பீட்ரூட். விழுவதற்கு முந்தின நாள் கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு பாத்தியைக் கொத்தி, எருவும் கலந்து போட்டிருந்தாள். இதற்குத்தான் போலிருக்கிறது. இப்போது அதில் களை முளைத்துக் கிடக்கிறது.

தவமணிக்கு மன்னவனூர். கொடைக்கானலுக்கும் மேலே. அவள் அப்பா கேரட்டும் பீட்ரூட்டும் போட்டவர். நான் அந்த ஊருக்கு நைட் ஹால்ட் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் மூட்டை முடிச்சோடு நின்ற ஆட்களைக் கூட்டம் என்று பார்க்காமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அதில் என் மாமனாரும் இருந்தார். 'இந்தப் பையன் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டான்' என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்.

எனக்கு பீட்ரூட் பிடிக்காது. மண்ணைத் தின்பது போல இருக்கும். ஆனாலும் அவள் கொத்திப் போட்ட பாத்தி வீணாகப் போக வேண்டாம். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் வந்து, "ஊறப் போட்டு விதைங்கண்ணே, தோல் கெட்டியா இருக்கு" என்றார். ஊறப் போட்டிருக்கிறேன். மிளகை நசுக்கிவிட்டது போல முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. இதை விதை என்று யார் நம்புவார்கள்.

பேச்சு: பாக்கெட்டைக் காட்டினேன். "அது, அது" என்று இரண்டு தடவை. டாக்டர் இதைக் கவனிக்கவும்.

அக்டோபர் 29

விதைத்தாயிற்று. துவைக்கிற கல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் குத்துக்கால் போட்டு விரலால் குழி பறித்துப் பறித்துப் போட்டேன். இடம் இருந்த இடத்திலெல்லாம் போட்டேன். பாக்கெட்டில் ஒன்று மிச்சம் வைக்கவில்லை. அவள் நாற்காலிக் கையை இடது கையால் தட்டித் தட்டி "அது, அது" என்றாள். "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் இடம் இருக்கு" என்று பஸ்ஸில் சொல்வது போல விதைகளிடம் சொன்னேன். முறைத்தாள்.

நல்ல முறைப்பு. பழைய முறைப்பு.

நவம்பர் 3

மழை. கொல்லைக்குப் போகவில்லை. பேச்சு: இல்லை. கஞ்சி வேண்டாம் என்று தட்டிவிட்டாள்.

நவம்பர் 7

முளைத்துவிட்டது. சின்னச் சின்னதாகச் சிவப்புத் தண்டு, தலையில் இரண்டு பச்சை இலை. அதிசயம் என்னவென்றால் ஒரு விதைக்கு ஒன்று இல்லை. மூன்று, நான்கு என்று ஒரே இடத்தில் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. ஒரு டிக்கெட்டில் நாலு பேர் ஏறிவிட்டார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் பார்த்தால் எனக்கு மெமோ.

இதைச் சொன்னதும் தவமணி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. ரெஜினா டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீச்சர் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது, செடியைத்தான் காட்ட முடிந்தது.

நவம்பர் 16

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் வித்தியாசமாக எது செய்தாலும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். தவமணி நாற்காலியிலிருந்து இறங்கித் துவைக்கிற கல்லில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டிய வரை பிடுங்கிவிட்டாள். மடி நிறைய நாற்று. சேலையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் அதில் ஒரு பிடியை எடுத்து என்னிடம் நீட்டி "அது" என்றாள். ஏதோ பரிசு கொடுப்பது போல முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

தன் கையால் கொத்திய பாத்தி. ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த செடி. அதைப் பிடுங்குகிறாள் என்றால் என்ன நினைப்பது? நாற்றுகளை வாங்கி ரெஜினா டீச்சரின் ஆட்டுக்குப் போட்டேன். அதைப் பார்த்ததும் தவமணி அழுதாள். நான் அவள் கையைக் கழுவிவிட்டுச் சேலை மாற்றிப் படுக்க வைத்தேன். பிடுங்கின வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி நிற்கிறது.

நவம்பர் 18

மறுபடியும் பிடுங்கினாள். இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி நகர்ந்து உட்கார்ந்து. நான் கத்திவிட்டேன். "என்ன தவமணி இது, உசுரோட இருக்குறத ஏன் பிடுங்குற?" என்று கேட்டேன். அவள் என் கட்டை விரலைப் பிடித்து மண்ணில் வைத்து, அழுத்தி, இழுத்து, "அது, அது, அது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் சர்வீஸில் பாதி வழியில் யாரையும் இறக்கிவிட்டதில்லை. குடித்துவிட்டு வந்தவனைக்கூட பின்சீட்டில் உட்கார வைத்து ஊர் சேர்த்திருக்கிறேன். முளைத்து வந்த செடியைப் பிடுங்கிப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நவம்பர் 19

மகன் கதிரேசன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் சொல்லிவிட்டது. "அப்பா, அம்மாவுக்குச் சுயநினைவு தப்புதோ என்னமோ. டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க" என்றான். சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் பழைய கொசுவலையைக் கிழித்து நாலு குச்சி நட்டு, பாத்தியில் அவள் கை வைக்காத பாதியைச் சுற்றி வேலி கட்டிவிட்டேன். அழிந்த பாதி அவளுக்கு. மிச்சம் எனக்கு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் கட்டி முடிக்கிற வரை பார்த்தாள். பேச்சு: இல்லை.

நவம்பர் 26

திண்டுக்கல் போய் டாக்டரைப் பார்த்தோம். டைரியைப் புரட்டிப் பார்த்தார். செடி பிடுங்கினதை இரண்டு தடவை படித்தார். "மூளையில அடைப்பு வந்த இடத்தைப் பொறுத்து சில பேருக்கு யோசனையும் குழம்பும். இது அதுவா இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் கவனிப்போம்" என்றார். தவமணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். டைரியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 2

இன்னொன்று. வெந்நீர் அடுப்பிலிருந்து சாம்பலைக் கொட்டாங்குச்சியில் அள்ளிக்கொண்டு போய் அவள் பாதியில் செடிக்குச் செடி கொட்டுகிறாள். காலை இழுத்துக்கொண்டு எப்படித்தான் நடந்தாளோ. வேலியைத் தாண்டி என் பக்கமும் கொஞ்சம் வீசப் பார்த்தாள். தடுத்துவிட்டேன்.

நடை: நன்று. அடுப்பிலிருந்து பாத்தி வரை, யாரும் பிடிக்காமல். மற்றது: சாம்பல்.

டிசம்பர் 5

தோசை ஒன்றரை. மாத்திரை சரி. பேச்சு: இல்லை. இரண்டு நாளாக "அது" கூட இல்லை.

டிசம்பர் 13

கதிரேசன் வந்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. அம்மாவுக்கு முடி சீவிவிட்டான், நகம் வெட்டிவிட்டான், மடியில் படுத்தும் கொண்டான். அதனால்தான் அவன் சொன்னதை என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

"இங்க ஒத்தையில வெச்சு எப்படிப்பா பாப்பீங்க? இன்னைக்குச் சாம்பல், நாளைக்குத் தணல அள்ளிட்டா? நீங்க கடைக்குப் போன நேரம் கதவத் தொறந்துட்டு ரோட்டுக்குப் போயிட்டா? கோயம்புத்தூர்ல ஒரு இல்லம் பாத்திருக்கேன். நர்ஸ் இருக்காங்க. சுத்தமா இருக்கு. இந்த மாதிரி ஆளுகளத்தான் பாத்துக்கிறாங்க."

"நானும் வந்து கூட இருக்கலாமாப்பா?"

"பொம்பளையாளுக பகுதிப்பா அது. நீங்க என் வீட்டுல இருந்துக்கலாம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை. கண்டக்டர் வேலையில் எனக்கு ஒரு ஞாயிறுகூடச் சரியாக லீவு கிடைத்ததில்லை. இனிமேல் ஞாயிறு மட்டும்தானா என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன். செடி பிடுங்கிய கதையை அவனுக்குச் சொன்னது நான்தான், பிறகு நான் என்னத்தை மறுப்பது.

டிசம்பர் 20

என் பாதி பார்க்கக் கண் கொள்ளாது. ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு பச்சையும் சிவப்புமாக இலை தளதளவென்று நிற்கிறது. மண் தெரியவில்லை. ரெஜினா டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் பாதியில் மொத்தமே கொஞ்சம் செடிதான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. இந்தப் பக்கம் நின்றே ஹோஸ் பைப்பை நீட்டித் தண்ணீர் விட்டுவிடுகிறேன். அந்த அழிச்சாட்டியத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அவள் தினமும் அங்கேதான் போய் உட்காருகிறாள். களை எடுக்கிறாள் போலிருக்கிறது, எதையோ பிடுங்குகிறாள். விட்டுவிட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு.

டிசம்பர் 25

ரெஜினா டீச்சர் கேக் கொண்டுவந்தார். தவமணிக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே, "அண்ணே, அக்காவுக்கு எல்லாம் புரியுதுன்னுதான் எனக்குத் தோணுது. சொல்லத்தான் வரல" என்றார்.

"அப்ப ஏன் டீச்சர் செடியப் பிடுங்குறா?"

டீச்சருக்கும் செடி விஷயம் அவ்வளவாகத் தெரியாது. அவர் வீட்டில் துளசிகூடத் தொட்டியில் வாங்கி வைத்ததுதான்.

ஜனவரி 4

அவள் பெட்டியை அடுக்கினேன். நைட்டி, இரண்டு ஸ்வெட்டர், மருந்துச் சீட்டு, தைலம். எந்தச் சேலையை வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். அவள் வந்து நின்று பார்த்தாள். ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. என் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடியிலிருந்து உருவி எடுத்துவந்து பெட்டிக்குள் போட்டாள்.

"அது என்னோடது தவமணி" என்றேன். மறுபடி எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி உள்ளே போட்டாள். நான் மறுபடி எடுத்துக் கொடியிலேயே போட்டுவிட்டேன். சுயநினைவு தப்புகிறது என்று எழுத வேண்டுமா டாக்டர்? எழுதவில்லை.

ஜனவரி 11

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோடு முழுக்க. பச்சை வேட்டியும் துண்டுமாகக் காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். வாசலில் தண்ணீர்க் குடம் வைத்தோம். தவமணி இடது கையால் டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. யாருக்கும் இவளுக்குப் பேச்சு வராது என்றே தெரிந்திருக்காது. ஒரு அம்மா இவள் கையைப் பிடித்து, "நல்லா இருப்ப தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 15

பொங்கல். ரெஜினா டீச்சர் வந்து கோலம் போட்டார். கதிரேசன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். இல்லத்தில் இடம் சொல்லியாகிவிட்டதாம்.

பொங்கல் பொங்கும்போது அடுப்பைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வரும் என்று நின்றேன். வரவில்லை. ஒரு திட்டுக்காக இப்படி ஏங்கி நிற்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜனவரி 17

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் கோயம்புத்தூர் போகும்போது கையில் கொஞ்சம் பீட்ரூட் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் அப்பா வீட்டுக் காய். அந்த இல்லத்தில் சமைத்துக் கொடுப்பார்களோ மாட்டார்களோ, கையிலாவது வைத்திருக்கட்டும். கொசுவலையை ஒதுக்கிவிட்டு என் பாதியில் இறங்கினேன். நல்ல தளதளப்பான செடியாகப் பார்த்து இழுத்தேன். எலி வால் மாதிரி ஒரு வேர் வந்தது. அடுத்ததை இழுத்தேன். அதுவும் அப்படித்தான். ஏழெட்டுச் செடி இழுத்தேன். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வேர் வேராக வருகிறதே தவிர, காய் இல்லை. மேலே அவ்வளவு இலை, கீழே ஒன்றுமில்லை.

விதை சரியில்லை என்று எண்ணிக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் அவள் பக்கத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு கிட்டே போய்ப் பார்க்கிறேன். இலையை விலக்கினால் மண்ணுக்கு மேலே கருஞ்சிவப்பாகத் தோள் தெரிகிறது. ஒன்றை இழுத்தேன். என் கைமுட்டி அளவு. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. எல்லாம் ஒரே விதை, ஒரே எரு, ஒரே தண்ணீர். செடிக்குச் செடி இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் அகலம். அடுத்த செடியும் நான்கு விரல். வரிசை முழுக்க அதே நான்கு விரல். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது என்று நான் எழுதினேனே, அது அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை. அளந்து விட்டிருக்கிறாள்.

அவள் என் கட்டை விரலை மண்ணில் வைத்து அழுத்தியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் எனக்குப் பிடுங்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் கையை உதறிக்கொண்டு வந்தேன்.

மன்னவனூருக்குப் போன் போட்டேன். தவமணியின் தம்பி சின்னராசு எடுத்தான். "மாமா, பீட்ரூட்டு கலைச்சு விடாம எப்படிக் காய் வரும்? ஒரு வெதையில மூணு நாலு வருமே, ஒண்ண விட்டுட்டு மிச்சத்தப் பிடுங்கிரணும். பிடுங்குனதக் கீரையாக் கடைஞ்சிரலாம். சாம்பல் போட்டா காய் நல்லாத் தெரளும். அக்காவக் கேளுங்க மாமா. எங்க ஊர்ல அக்கா மாதிரி கலைக்கிற ஆளு கெடையாது. ரெண்டு கையாலயும் கலைக்கும்" என்றான். அக்காவைக் கேளுங்கள் என்கிறான். கேட்கத்தானே எனக்குத் தெரியவில்லை.

கீரை. அன்றைக்கு மடி நிறைய எடுத்து எனக்குச் சமைக்கக் கொடுத்ததை நான் ஆட்டுக்குப் போட்டேன்.

தவமணி நாற்காலியில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சேற்றுக் கையோடு போய் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் இடது கையை என் தலையில் வைத்து, "அது" என்றாள். ஒன்றரை மாதம் கழித்து வந்த "அது".

ஜனவரி 18

கதிரேசன் காரோடு வந்தான். காபி கொடுத்துவிட்டு நேராகக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "என் பாதியில ஒண்ணு இழு. அம்மா பாதியில ஒண்ணு இழு" என்றேன். இழுத்தான். ஒரு கையில் எலி வால், மறு கையில் பீட்ரூட். இரண்டையும் பார்த்தபடி நின்றான். அப்புறம் இடைவெளியைக் காட்டினேன். சாம்பலைக் காட்டினேன். சின்னராசு சொன்னதைச் சொன்னேன்.

"ஆனா அம்மா ஏன்ப்பா சொல்லல" என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

தவமணி முன்னால் போய் மண்டியிட்டான். "அம்மா, நாங்க பேசுறது எல்லாம் உனக்குப் புரிஞ்சுச்சா? அந்த இல்லம், பொங்கலுக்கு அப்புறம் போறது, எல்லாம்?" அவள் தலையை ஆட்டினாள். இத்தனை நாளும் தலையாட்டலை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கதிரேசன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானம் பீட்ரூட் பொரியல் செய்தேன். தேங்காய் துருவிப் போட்டது அவள், இடது கையால், துருவுபலகையை நான் பிடித்துக்கொள்ள. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மண் வாசனை இருக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் திண்டுக்கல்லிலேயே இருக்கிறார்களாம், வாரம் இரண்டு நாள் போகலாம், ஏற்பாடு செய்கிறேன் என்றான் கதிரேசன். காரில் அவள் பெட்டி ஏறவில்லை. ஒரு பை பீட்ரூட் ஏறியது. தெருமுனை திரும்புகிற வரை தவமணி கையாட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து சேலைகளை மறுபடி பீரோவில் வைத்தேன். அடியில் என் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கிடந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

ஜனவரி 20

இட்லி மூன்று. மாத்திரை சரி. நடை நன்று.

கொசுவலை வேலியைப் பிரித்துப் போட்டேன். பிந்திப் போனாலும் பரவாயில்லை, என் பாதியையும் கலைத்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அவள் நாற்காலி வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் விரலால் காட்டுவாள், நான் பிடுங்க வேண்டும். பிடுங்கின ஒவ்வொன்றுக்கும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. "மன்னிச்சுக்கப்பா, எறங்கிக்க, அடுத்த வண்டி வரும்" என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிச் சொல்லிப் பிடுங்கினேன். தவமணி தோள் குலுங்கச் சிரித்தாள். பிடுங்கினதையெல்லாம் முறத்தில் சேர்த்தோம். ராத்திரிக்குப் பருப்புப் போட்டுக் கடையலாம்.

இப்படிப் பேசிக்கொண்டே அவள் பாதிக்குள் கை போய்விட்டது. இருந்ததிலேயே பெரிய செடி, அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது, அதை வேரோடு பிடுங்கிவிட்டேன். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் இரட்டிப்பு ஆகியிருக்குமாம், அதை அப்புறம் சைகையில் சொன்னாள். அப்போது சொன்னது வேறு. என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். முகம் சிவந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டு போய், திரும்பி நேராகி, தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வந்தது.

"கூ... கூறு... கெட்ட..."

அதற்குமேல் வரவில்லை. மூச்சு வாங்கியது. அவளே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

பேச்சு: இரண்டு வார்த்தை. மூன்றாவதை நான் சொல்லி முடித்தேன், டாக்டர்.